ஆணி அல்ல

மூடுபனியில் எல்லாக் கார்களும் புதுசு.
கோத்தகிரியில் பாதி நாள்
என் தொழிலுக்குச் சாட்சியே கிடையாது.
வெயில் வர வேண்டும்,
வந்து பானட்டில் சாய்ந்து நிற்க வேண்டும்.
அப்போதுதான் தெரியும்
வட்டத்துக்குள் வட்டமாகச்
சிலந்தி இரவெல்லாம் பார்த்த வேலை.

போஜா கவுடரின் கறுப்பு டிசையர் வந்தது செவ்வாய்க்கிழமை.
கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரியில்
முப்பத்தோரு வருடம் பச்சை இலை எடை போட்டவர்.
சாக்கின் எடையைக் கழிக்காமல்
ஒரு கிலோகூட எழுதாத கை.
"மேட்டுப்பாளையம் இறங்கினேன்மா.
குஞ்சப்பனை தாண்டி வெயிலில் நிறுத்திப் பார்க்கிறேன்,
வண்டி பூரா கீறல்.
எவனோ வேணும்னே செஞ்சிருக்கான்."
எவனோவுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்:
எதிர்வீட்டு மருமகன்.
வண்டி நிறுத்தும் தகராறு, இரண்டு வருடமாக.

கழுவினேன். களிமண் கட்டியால் தடவினேன்.
சில்வர் ஓக் பிசின், பஸ் புகை,
விரல் நுனிக்கு மட்டும் தெரிகிற மணல்
எல்லாம் கட்டியில் ஏறி வந்தது.
ரப்பர் ஓரங்களில் நீல டேப் ஒட்டினேன்.
சோம்ரா டார்ச் பிடித்தான்;
ஜார்க்கண்டிலிருந்து இலை பறிக்க வந்து
ஆறே மாதத்தில் இலையை விட்டவன்.
"அக்கா, இது ஆணி இல்ல," என்றான்.

சரிதான்.
பகை நேர்கோடு போடும். அதற்கு அவசரம்.
இது வட்டம்.
ஒரே ஆள் எட்டும் தூரம்,
ஒரே கையின் வளைவு, கூரையின் நடுவில் மட்டும் எட்டாமல் விட்டது.
தினமும் விடிந்ததும்
பழைய பனியனை எடுத்து
பனி ஈரத்தோடு தூசியையும் சேர்த்துத்
தேய்த்திருக்கிறார்கள்.
எவனோ.

கீறலை எடுப்பது என்கிறோம்.
கீறல் ஒரு பள்ளம், பள்ளத்தை எப்படி எடுப்பது?
சுற்றியிருக்கும் மேட்டையெல்லாம்
அதன் ஆழத்துக்கு இறக்கி வைக்கிறேன், அவ்வளவுதான்.
கீறாத இடம் விலை கொடுக்கிறது.
மீட்டர் வைத்தேன்: கூரையில் நூற்றுப்பத்து மைக்ரான்,
பானட்டில் எண்பத்திரண்டு.
இவர் வாங்கும் முன்பே யாரோ மெஷின் போட்டு
அரைத்துவிட்டுத்தான் விற்றிருக்கிறார்கள்.
அடிப்பூச்சு, நிறம், மேலே கண்ணாடிப் பூச்சு,
எல்லாம் சேர்ந்தே ஒரு தலைமுடித் தடிமன்.
அதற்குள் நான் வேலை பார்க்க வேண்டும்.

மெத்தென்ற ஸ்பான்ஜ். மிளகளவில் நாலு பொட்டு க்ரீம்.
ஒரு முழச் சதுரம்; குறுக்கே, பிறகு நெடுக்கே.
கரண்ட் போனது. வந்தது.
பெல்லிக்காய் எஸ்டேட் சங்கு ஊதியதும் மறுபடி போனது.
மூன்று மணிக்குப் பனி
ஷட்டர்வரை வந்து எட்டிப் பார்த்தது.
டிரைவர் கதவில், கைப்பிடிக்குக் கீழே
ஒரு கோட்டில் மட்டும் நகம் மாட்டியது.
மோதிரமாக இருக்கும்.
நகம் மாட்டினால் விட்டுவிட வேண்டும்.
விட்டுவிட்டேன்.

புதன் காலை அதிசயமாக வெயில்.
பானட்டில் கவுடர் முகம்,
முகத்துக்குப் பின்னால் மலை,
மின்கம்பியில் மூன்று குருவி, எண்ணிப் பார்க்கிற தெளிவில்.
"போலீஸ்ல சொல்லலாமா அவன் மேல?"

சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.
தராசு முள் நிற்கட்டும் என்பதுபோல் பேசாமல் நின்றார்.
பிறகு வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நாலு வருஷம்," என்றார்,
யாரிடம் என்று தெரியவில்லை.

பணத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.
மைக்ரோஃபைபர் துணி இரண்டு சும்மா தந்தேன்.
தண்ணீர் விடாமல் தொடாதீர்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு
அவர் தெரு வழியாகப் போனேன்.
கார் எங்கே என்றுகூடத் தெரியாத பனி.
துணி தேய்கிற சத்தம் மட்டும்.
எதிர்வீட்டு மருமகன் ஸ்கூட்டரை
ஓரடி தள்ளி நிறுத்தினான்;
கவுடர் அவனுக்கு, இருந்திருந்து, தலையசைத்தார்.
கையில் பனியன்.

"நான் கொடுத்தது என்னாச்சுங்க?"
கதவைத் திறந்து டாஷ்போர்டிலிருந்து எடுத்துக் காட்டினார்,
உறை பிரிக்கவில்லை.
"நல்ல துணியாச்சேம்மா," என்றார்,
"அழுக்காயிடும்."