நிற்கப் படித்தது

பதினோரு வருசமாக நிற்கிறேன்.
காலை எட்டரைக்குச் செக்கிங் டேபிள்,
ஒன்றரை ஷிப்டு என்றால் இரவு எட்டரை வரை.
அக்குள் தையலில் ஓட்டை தேடி,
பிசிறு வெட்டி, லேபிள் பார்த்து,
அடுத்த பனியன், அதற்கடுத்த பனியன்.

என்னிடம் போய்
"முதல்ல நிக்கப் பழகுங்க" என்கிறாள்
ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில்
நேற்றுத்தான் படிப்பு முடித்தவள் போல் ஒருத்தி.
சிரிப்பு வந்தது.
இடுப்பு வலியில் அதுவும் பாதியில் நின்றது.

தாடாசனமாம்.
சும்மா நிற்பதற்கு ஒரு பெயரா?
செருப்பைக் கழற்றச் சொல்லிப் புரட்டிக் காட்டினாள்.
இடது குதிகால் தாள் கனத்துக்குத் தேய்ந்திருக்க,
வலது, கடையில் வாங்கிய மேனிக்கு.
"பாத்தீங்களா, ஒத்தக் கால் சம்பாதிக்குது,
இன்னொண்ணு உக்காந்து திங்குது."

வேலம்பாளையம் லைன் வீடு.
பைப்பில் தண்ணீர் வருமுன்
குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து
சுவரோரம் நிற்கிறேன்.
கட்டைவிரல்கள் தொட்டுக்கொள்ள,
குதிகால்களுக்கு நடுவே ஒரு பாபின் போகும் இடைவெளி.
முழங்கால் சில்லை மேலே இழுக்கணும்;
அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது.
காதை விட்டுத் தோள் இறங்க மூன்று நாள்.
பாதத்தின் நாலு மூலைக்கும்
பாரத்தைப் பங்கு வைத்தால்,
அப்பன் கடனை ஏற்காத தம்பி மாதிரி
வலது கால் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது.

ஐந்தாவது மூச்சில்
பால்வண்டி மணி, பக்கத்து வீட்டு மிக்சி,
கழிவு ஓடையின் சாய வாடை,
எல்லாம் வந்து போகின்றன.
நான் நிற்கிறேன்.

வருசத்துக்கொரு பென்சில் கோடாய்
கோகிலவாணியின் உயரம் ஏறிய சுவர் அது.
பல் விளக்கியபடி வந்தவள்
என் தலைமேல் ஸ்கேலை வைத்துக் கிழித்தாள்.
ஆடியில் ஒரு கோடு. கார்த்திகையில் ஒன்று.
நடுவில் கால் அங்குலம்.
"நாப்பத்திரண்டு வயசுல வளர்றியேம்மா!"

நேற்று டீ நேரம்.
கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றேன்.
சூப்பர்வைசர் திருமூர்த்தி வந்தான்.
"ஏனுங்க்கா, சும்மா நிக்கறீங்க?"
"ஆமாங், மணி அடிக்கற வரைக்கும்."
கப்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம்
என் பாதத்தையே பார்த்தான்.
அவன் செருப்பு
வலப்பக்கம் தேய்ந்திருந்தது.

வலி போய்விட்டதா என்றால், இல்லை.
ஆறு மணிக்கு மேல் வந்துவிடுகிறது.
முன்பு வீடெல்லாம் சுற்றும்; இப்போது
எந்த மூலையில் உட்காரும் என்று தெரியும்.
அங்கே ஒரு மூச்சை அனுப்பி,
வலது காலை ஒரு அதட்டு அதட்டிவிட்டு
அடுத்த பனியனை எடுக்கிறேன்.