எறும்பு எழுதிய ரிசல்ட்

செக்காலை ரோட்டில் எனக்கு வேலை,
காரைக்குடியின் ரத்தத்தை எண்களாக்குவது.
காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு வருகிறவர்கள்
கையை நீட்டும்போதே வாக்குமூலம் தருவார்கள்.
"சீனியைத் தொட்டு எட்டு மாசமாச்சும்மா,
வீட்ல எல்லாம் கருப்பட்டிதான்."
"நமக்குத் தேன். அதுவும் மலைத்தேன்."
"நாட்டுச்சர்க்கரை ஒண்ணும் செய்யாதுல்ல?"

மெஷினுக்கு நாடு தெரியாது.
மலை தெரியாது, பனை தெரியாது.
இருநூற்றுப் பதினேழு என்று துப்பும்.

மாசியில் அப்படித் துப்பிய ஒரு சீட்டில்
சோலையப்பன், ஆண், நாற்பத்தொன்று.
முகவரி எழுதும்போதுதான் கை நின்றது.
என் வீடு.

அன்றைக்கே சீனி டப்பாவில் உளுந்தைக் கொட்டினேன்.
ஆனால் சாயங்காலமானால் அவனுக்கு ஒரு டம்ளர் வேண்டும்,
பழம் அடித்து, பால் விட்டு, மேலே நுரை நிற்க.
பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில்
அதற்கு ஸ்மூத்தி என்று பெயர், எழுபது ரூபாய்.
ஒரு டம்ளருக்கு நாலு கரண்டி சீனி விழுவதை
நின்று எண்ணிவிட்டு வந்தேன்.

முதல் வாரம் பேரீச்சை.
வெந்நீரில் ஊறித் தோல் கழன்ற நாலு
சப்போட்டாவை அப்படியே விழுங்கிவிட்டது.
"பாயசம் குடிச்ச மாதிரி இருக்கு."
நாலை ஒன்றாக்கினேன்.
கருப்பட்டி விழுந்தால் எந்தப் பழமும் பனம்பழம்.
உலர்திராட்சை தேவலை,
தோலை மட்டும் பல்லிடுக்கில் விட்டுப் போகும்.
கொய்யாவிடம் எதுவும் பலிக்கவில்லை.
கொய்யாவை மிளகாய்த்தூளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

திங்கள் சந்தையில் வாங்கிய பூவன் சீப்பு
ஹெல்மெட்டுக்குப் பின்னால் மறந்து கிடந்தது.
வியாழனன்று மணம்தான் காட்டிக்கொடுத்தது.
தோலெல்லாம் புள்ளி, காம்பு கறுத்து,
தொட்டால் விரல் இறங்குகிறது.
குப்பைக்கு எடுத்தவள் மிக்ஸி வரை வந்துவிட்டேன்.
பாதிப் பழம். ஒரு கை பப்பாளி.
புளிக்காத தயிர். அரை ஏலக்காய்.
கல்லுப்பு இரண்டே கல்.
ஐஸ் போடவில்லை.
குளிர்ந்தால் நாக்கு மரத்துப்போகும்,
மரத்த நாக்குதான் சீனி கேட்கும்.

குடித்தான்.
டம்ளரின் அடியைத் தூக்கிப் பார்த்தான்.
"என்ன போட்டே?"
"மூணு நாள்" என்றேன்.

மறுநாள் விடிந்தபோது
மிக்ஸி ஒயர் நெடுகிலும் எறும்பு.
எனக்குச் சுருக்கென்றது.
உளுந்து டப்பாவைத் திறந்தேன். உளுந்து.
அரிசி வாளிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினேன்.
அவன் சட்டைப் பையில்
புதுவயல் போய்வந்த டிக்கெட், ஒரு நட்டு,
வேறொன்றுமில்லை.
தலை துவட்டியபடி வந்தவன்
கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.
"நான் போடலை" என்றான்,
கேட்காத கேள்விக்கு.

கேட்டிருக்கலாம்.
ஜாரின் வாஷர் இடுக்கில்
காய்ந்து ஒட்டியிருந்த வாழையைத்தான்
துளித்துளியாகப் பெயர்த்துச் சுமந்தன எறும்புகள்.
சீனி வேறு, பழம் வேறு என்று
யாரும் அவற்றுக்குச் சொல்லித் தரவில்லை.
என் மெஷினும் அதே பள்ளிக்கூடம்.

அதனால் இப்போது அரை டம்ளர்தான்.
மூன்று மாதச் சராசரி வைகாசியில் தெரியும்.
"இவ்வளவுதானா?" என்கிறான்,
"இவ்வளவுதான்" என்கிறேன்,
அவன் வண்டியை வெளியே எடுக்கும் சத்தம் கேட்டதும்
மீதி அரையை நின்றபடியே குடிக்கிறேன்.

ஊருக்கெல்லாம் ஊசி குத்துகிறேன்.
என் விரலை இன்னும் நீட்டவில்லை.