எழுபத்து நான்கு

காதழுக்கைக் குன்னூரில் எடுத்தாயிற்று.
நூற்றெண்பது ரூபாய்.
வலது காதிலிருந்து வந்ததைத் தவசீலன்
தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து
அம்மாவிடம் காட்டித் திட்டு வாங்கினான்.

மார்பு, மூச்சை விட்டால் எழுபத்தெட்டு,
இழுத்தால் எண்பத்து நான்கு.
டேப் பிடித்தது நான்.
ஐந்து விரிந்தால் போதுமாம்.
கொலக்கம்பை மேட்டில் கேஸ் சிலிண்டர் தூக்குகிற
எவனுக்கும் ஆறு விரியும் என்றேன்.
முறைத்தான்.

குளித்துவிட்டு வந்து ஈரக்காலை
சிமெண்டுத் தரையில் பதிப்பான்.
உள்வளைவில் தரை காய்ந்திருக்க வேண்டும்.
காய்ந்திருந்தது. ஆனாலும் தினமும் பதிப்பான்.
முட்டி இடிக்கவில்லை. கடைவாய்ப்பல் அடைத்தாயிற்று.

புத்தகம் ஒன்றுதான் பாக்கி.

போனில் இறக்கி வைத்திருந்தோம்.
வட்டம் முழுக்கப் புள்ளிகள்,
பழுத்த மிளகாயும் பச்சைப் பட்டாணியும்
ஒரே தட்டில் கொட்டியதுபோல.
நடுவில் எண் இருக்கும்.
எனக்கு இருக்கும்.

ஒன்று? பன்னிரண்டு.
இரண்டு? எட்டு.
ஒன்பது? எழுபத்து நான்கு.
தட்டுக் கழுவிக்கொண்டே,
திரும்பிப் பார்க்காமலே சொல்வான்.

எப்படித் தெரியாமல் இருந்தோம் இத்தனை வருடம்?
லீவு நாளில் கொழுந்தெடுக்கப் போனால்
அம்மாவை மிஞ்சுவான், ஒரு முற்றல் இலை விழாது.
விரலில் ஒடிகிற ஒடிப்பை வைத்தே
எடுத்திருக்கிறான்.

ஒருமுறை கவாத்துக் கத்தி கெண்டைக்காலில் இறங்கி
மூன்றாம் நம்பர் காட்டிலிருந்து
லயம்வரை நடந்தே வந்துவிட்டான்.
கட்டுப் போட்டபின் வாட்சைக் காணோம்.
ரத்தம் சொட்டிய வழியே போ, கிடக்கும் என்றேன்.
எந்த ரத்தம் என்றான்.
புல்லெல்லாம் ரத்தம்.
விளையாடுகிறான் என்று நினைத்து
மண்டையில் ஒன்று வைத்தேன்.

பெங்களூரில் டாக்டரம்மா, மேஜராம்,
புத்தகத்தைக் கடைசியிலிருந்து திறந்திருக்கிறார்.
அங்கே எண்ணே கிடையாது.
புள்ளிகளுக்குள் ஒரு வழி வளைந்து போகுமாம்.
தூரிகையால் தொடரச் சொன்னாராம்.
வழி எங்க மேடம் என்று கேட்டானாம்.
அவர் கோபிக்கவில்லை, இன்னொரு பக்கம் திருப்பினார்,
தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார்
என்றான், பஸ்ஸை விட்டு இறங்கியதும்.
குறுக்குப் பாதையில் முன்னால் நடந்தான்.
மஞ்சு மூடியிருந்தது. டார்ச்சை நான்தான் வைத்திருந்தேன்,
அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

தற்காலிகமா, நிரந்தரமா என்று கேட்டேன்.
காதுக்கும் எடைக்கும்தான் தற்காலிகம்
என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தான்.
அம்மா அந்தக் காகிதத்தை வாங்கி
ரேஷன் கார்டுக்குள் வைத்தாள்.

எல்லோரும் தூங்கியபின் போனை எடுத்தேன்.
ஒன்பதாம் பக்கம்.
எழுபத்து நான்கு, கண்ணில் குத்துகிறமாதிரி.
அதே இடத்தில் அவனுக்கு
இருபத்தொன்று தெரிகிறதாம்.
அதுவும் எண்தானே என்றான், சாப்பிடும்போது.

வெளிச்சத்தைக் குறைத்தேன்.
தள்ளிப் பிடித்தேன், பக்கத்தில் பிடித்தேன்,
ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

இருபத்தொன்று எங்கேயும் இல்லை.