கூட்டினால் ஒன்பது

புதுக்குடியிருப்பு, பரந்தன் வீதியோரம்,
பாலைமரத்தின் கீழே பொனற் திறந்து நிற்கிறது
தவமலரின் மொறிஸ் மைனர்.
லாண்ட்மாஸ்ரரில் கயிறு கட்டி இழுத்து வந்தவள்
கேட்டது இவ்வளவுதான்:
"முப்பது தயிர்ச்சட்டி கிளிநொச்சிக்குப் போகவேணும்.
ஆடை உடையக் கூடாது."

மூடியைத் திறந்தேன்.
ரொக்கர் தண்டு முழுக்கக் கரி.
பெற்றோல் இல்லாத காலத்தில்
சூப்பிப் போத்தலால் நாலு துளி காட்டி ஏமாற்றி
மண்ணெண்ணெயில் ஓடவிட்ட வண்டி.
அப்போது குடித்ததெல்லாம்
எட்டு வால்வின் முதுகிலும் ஏடு ஏடாய் இருக்கிறது.
கழுவவும் அதே மண்ணெண்ணெய்தான்.
அடித்த கையே
முகம் துடைத்துவிடுகிற மாதிரி.

புஷ்றொட் எட்டையும் உருவி
வாழைத்தண்டில் வரிசையாய்க் குத்தினேன்.
ஒன்று இடம் மாறினாலும் வில்லங்கம்:
ஒரு கிண்ணத்தில் தேய்ந்த நுனி
இன்னொரு கிண்ணத்தில் இருக்காது.
தவமலர் எட்டிப் பார்த்தாள்.
"ஊதுபத்தி மாதிரிக் கிடக்கு.
ஆருக்குப் படைச்சிருக்கிறாய்?"

தலையை இறக்கி, பசை தடவி,
மத்துக் கடைவதுபோல் உள்ளங்கைகளுக்கிடையில்
ஒவ்வொரு வால்வாய் அரைத்தோம்.
கரகரப்பு மெல்ல மெல்ல ஓய்ந்து
சாம்பல் நிறத்தில் ஒரு மோதிரம் தெரியும்வரை.
குழியில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு
தேத்தண்ணி குடித்தோம்.
ஒழுகவில்லை.

பூட்டும்போதுதான் பிழைத்தது.
ஆறாவதில் குழாய் சறுக்கி, ஸ்பிறிங் துள்ளி,
கொலட்டில் ஒரு பாதியைக் காணோம்.
புளியங்கொட்டைப் பாதியளவு இரும்பு.
இது இல்லாமல் வண்டி இல்லை.

பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தைச் சாக்குநூலில் கட்டி
சுகிர்தன் மணலில் இழுத்தான்.
இரண்டு ஆணி வந்தது.
சட்டைக் கொக்கி, உடைந்த பிளேட் வந்தது.
பிறகு
ஓரம் கிழிந்த, கறள் தின்ற,
எந்த எஞ்சினுக்கும் சேராத துண்டுகள்.
பால்மா ரின் மூடியில் தட்டித் தட்டிவிட்டு
மறுபடி இழுத்தான். மறுபடி வந்தது.
எந்த வண்டியின்ர சாமான் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
தவமலர் குந்தியிருந்து
நகத்தால் ஒவ்வொன்றாய் ஒதுக்கினாள்.
"இதில்லை.
இதுமில்லை."

மூடி நிறைந்தபோது சுகிர்தன் எழும்பினான்.
அவனுடைய சாரத்து மடிப்பிலிருந்து
டிங் என்று விழுந்தது கொலட்.
"உன்ர மடிக்குள்ளயே வச்சுக்கொண்டு..."
தொடங்கியவள்
சிரிப்பை முடிக்கவில்லை.

இனி இடைவெளி. பன்னிரண்டு தௌ.
ஈரத்தாளை இழுக்கிற பிடி தகட்டில் இருக்கவேண்டும்.
எட்டாவது அமுங்கினால் ஒன்றைப் பார்.
ஏழு அமுங்கினால் இரண்டை.
அமுங்கிக் கிடப்பதையும் நீ திருத்துவதையும்
கூட்டினால் ஒன்பது.
சத்தமாய்ச் சொல்லிவிட்டேன் போல.
தகட்டைப் பிடித்தபடி சுகிர்தன் நின்றான்.
இந்த வீதியில் அந்த எண்ணை
யாரும் சும்மா சொல்வதில்லை.
பிறகு அவனே,
"அண்ணை, ஆறு அமுங்கிட்டுது.
மூண்டைப் பாருங்கோ."

மூன்றாம் தரம் சுற்றியபோது பற்றியது.
நீலப் புகைக்குக் காகங்கள் கலைந்தன.
"மணிக்கூடு மாதிரித் தட்டுது," என்றாள்.
"தட்டுறது மூடுது எண்டு அர்த்தம்.
சத்தம் போடாததுதான் எரிஞ்சு போகும்."
நம்பவில்லை அவள்.
ஒரு சட்டியைக் கொண்டுவந்து மட்கார்டில் வைத்து
குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.
விளிம்பில் ஆடை நடுங்கிற்று.
நடுவில் அசையவில்லை.

பாதிக் காசும் இரண்டு சட்டித் தயிரும் தந்து
மீதிக்கு வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டு,
கியர் கீறிட, வீதியில் ஏறினாள்.

மூடி பாலைமர வேரில் இருக்கிறது.
கொட்டுவதா என்று சுகிர்தன் கேட்டான்.
எங்கே என்று கேட்டேன்.

மணலில் படாத உயரத்துக்குத் தூக்கி
காந்தத்தை ஆணியில் மாட்டப் போனேன்.
கை விடுமுன்னமே
அது ஒட்டிக்கொண்டது.