ஏழாவது கேள்வி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு அப்பால்
மூடிப்போன ஐஸ் கம்பெனியில்தான்
இப்போது நாய்கள் இருக்கின்றன.
பாளம் இறக்கிய சிமெண்டுச் சறுக்கலில்
ஏழெட்டுக் குட்டிகள் வழுக்கி விழுந்துகொண்டிருந்தன.
ஃபிலோமினா படிவத்தை நீட்டினார்.

பெயர். தொழில். ரேஷன் கார்டு எண்.
வீடு சொந்தமா, வாடகையா.
குழந்தைகள் உண்டா.
இதற்குமுன் வளர்த்த பிராணி என்ன ஆயிற்று.
எல்லாம் எழுதினேன்.
தொழில் என்ற இடத்தில் டிரைவர் என்று மட்டும்.
ஏழாவது கேள்வி:
இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

தை கடைசி. பூவனூரில்
பின்மழையில் சாய்ந்து கிடந்தது சம்பா.
படுத்த கதிரை பிளேடு இறக்கித்தான் அள்ளவேண்டும்.
இரவு பதினொன்றரைக்கு ஹெட்லைட்டில்
வயலில் எல்லாமே வைக்கோல் நிறம்.
சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
அந்த மெஷினில் உட்கார்ந்தவனுக்கு
தன் இருமலே கேட்காது.
கட்டரில் ஒரு சின்ன விக்கல்,
கல் பட்டால் வருமே, அதுபோல.
இறங்கிப் பார்த்தேன்.

தாய்நாய் வரப்பில் நின்றது. குரைக்கவில்லை.
மற்ற மூன்றையும் அதற்குள்
ஒவ்வொன்றாய்க் கவ்விக் கொண்டுபோய் வைத்திருந்தது.

துண்டில் இறுக்கிச் சுற்றி, உரச்சாக்கில் வைத்து,
பைக்கில் வந்து இந்தக் கதவை
இரண்டுமுறை தட்டினேன்.
விளக்கு எரிவதற்குள் போய்விட்டேன்.
மிச்சமிருந்த ஒன்றரை ஏக்கரை
விடியுமுன் அறுத்து முடித்தேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

சாக்கில் பூவனூர் சொசைட்டி முத்திரை இருந்ததாம்.
அதுவே பெயர். கூண்டில் சாக்பீஸால் எழுதியிருந்தது.

'பிடித்திருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன்.
"மூணு காலுதான், தெரியும்ல?"
தெரியும்.
"இடி இடிச்சாலும் தூங்கும்.
டிராக்டர் சத்தம் கேட்டா மட்டும்
நின்ன இடத்துலயே மூத்திரம் போயிடும்."
தலையாட்டினேன்.
ஊசி அட்டையில் அடுத்த தேதியை வட்டமிட்டார்.
கருத்தடைக்கு ஆடியில் கூட்டிவரச் சொன்னார்.
வரும்போது கேட் மூடிவிட்டது.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்
நாற்பது நிமிடம் நகரவில்லை.
அட்டைப்பெட்டிக்குள் அது
ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் ஸ்கூட்டியில் வடுவூருக்கே வந்தார்,
வீட்டைப் பார்க்கவேண்டுமாம், விதி.
கொல்லைப்பக்கம் மெஷின் நின்றது.
மூடிய தார்ப்பாய்
காற்றுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.
கட்டர் பற்களை அவர் பார்த்தார்.
பிறகு திலகவதியின் காலடியில்
படுத்திருந்ததைப் பார்த்தார்.
எலுமிச்சை ஜூஸைப் பாதி குடித்து வைத்துவிட்டு
நோட்டில் எழுதினார்:
நிழல் உண்டு. தண்ணீர் உண்டு.
"மறுபடி வருவேன்" என்றார்.
என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

மெஷினை இப்போது
நாலு தெரு தள்ளி நிறுத்துகிறேன்.
மாதம் ஐநூறு வாடகை.
குறுவை அறுப்புக்கு இறங்குமுன்
காலி பெயிண்ட் டின்னைத் தட்டிக்கொண்டு
வயலை ஒரு சுற்று வருகிறேன்.
"மணிக்கணக்கு ஓடுதுப்பா" என்கிறார் வயல்காரர்.
மெஷின் ஓடலையே, நான்தானே நடக்கிறேன்.
சில நாள் ஒரு கீரி. ஒருநாள்
கானாங்கோழி, பின்னால் கறுப்புக் குஞ்சுகள்.
பல நாள் ஒன்றும் இல்லை,
தவளைகள்தான்.

டீசல் நாற்றத்தோடு வந்தால்
பூவனூர் எழுந்து உள்ளே போய்விடும்.
குளித்தபின் கொஞ்சம் பக்கத்தில் வரும்.
நேற்று குளிக்குமுன்பே வந்தது.
கையை முகர்ந்தது, நடுங்கியது,
தரையை நனைத்தது.
போகவில்லை.
இப்பத்தான் கழுவி விட்டேன் என்று
திலகா கத்தினாள்.
துணி எடுத்து நான் துடைத்தேன்.