சுமைகூலி

பிஸ்மார்க் நகரில் பிப்ரவரி.
சட்டமன்றத்தின் பின்கட்டில் மார்லிஸ் ட்வெய்ட்
ஒரு மசோதாவுக்கு விலை போடுகிறாள்.
பிறர் பெயரைத் திருடினால் ஐந்தாண்டு.
செலவு எவ்வளவு?
ஒரே தாளில், மாலை ஐந்துக்குள்.

சிறையில் ஒரு கட்டில், ஓர் இரவுக்கு
நூற்றுப் பதினான்கு டாலர்.
அரசு வழக்கறிஞர், மணிக்கணக்கில்.
எதிர்த் தரப்புக்கும் அரசே தரும் வழக்கறிஞர்,
அவருக்குக் கொஞ்சம் குறைவு.
எத்தனை பேர் பிடிபடுவார்கள்?
ஷெரீபைக் கேட்டாள். சிரித்தார்.
ஒன்பது என்று எழுதி, அழித்து,
பதினொன்று ஆக்கினாள்.

காலையில் சாட்சி சொன்னவள் வெர்னா ஸ்கோக்மோ,
பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவள்.
கண்ணாலும் காணாத ஒரு பழைய பிக்கப் வண்டிக்கு
அவள் பெயரில் தவணை பாக்கி.
பதினான்கு மாதம்
நான்தான் நான்
நான்தான் நான் என்று
எழுதிக்கொண்டே இருந்தாளாம்,
தபால்தலை தன் காசில்.
அதற்கு இந்தத் தாளில் கட்டம் இல்லை.

சுண்டைக்காய் இரண்டாயிரத்து முந்நூறு.
திருடியவனைப் பூட்டிவைக்க
ஆண்டுக்கு நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
மாநிலத்தில் தலைக்கு ஐந்து சென்ட்.
வெர்னாவும் ஒரு தலை.
தருவாள், முணுமுணுக்காமல் தருவாள்;
அந்தப் பதினான்கு மாதத்தை
யார் தலையில் எழுதுவது?

ஐந்தடிக்க நாலு நிமிடம்.
மொத்தம் என்ற இடத்தில்
'கணிக்க இயலாது' என்று தட்டச்சு செய்து
மார்லிஸ் கையெழுத்துப் போட்டாள்.
அவசரத்தில் ஒரு கோடு, ஒரு சுழி.
யார் வேண்டுமானாலும் போடலாம் அதை.