தீர்மான நோட்டு

தலைமையகம் டில்லியில்.
திருத்துறைப்பூண்டி கிளை
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்,
மருந்துக்கடை மாடியில்.

பழைய நோட்டில்
டாக்டர் அமிர்தகடேசனின் சாய்ந்த எழுத்து:
'தாளடி அறுவடை. பாம்புக்கடி ஒன்பது. இறப்பு நான்கு.
விஷமுறிவு மருந்து தஞ்சாவூரில்தான்.
ஊருக்கு ஊர் வேண்டுமெனத் தீர்மானம்.
முன்மொழிந்தவர் சவுரியம்மாள்,
வழிமொழிந்தவர் ஹாஜா மைதீன்.'

டில்லி பதில் போட்டது,
அடுத்த அறுவடைக்கு:
குறித்துக்கொள்ளப்பட்டது.

அதற்குள் இவர்கள்
தலைக்கு நாற்பது ரூபாய் போட்டு
மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜ் ஒன்றை
மாடியேற்றியிருந்தார்கள்.
வரவு செலவில் அதன் பெயர்
'தேநீர்ச் செலவு'.

பதினோரு வருடம் கழித்துக்
கோட்டையிலிருந்து ஆணை வந்தது,
ஏறக்குறைய சவுரியம்மாளின் வாக்கியத்தில்,
அவருடைய சந்திப்பிழையோடு.

இப்போது நான் செயலாளர்.
வந்தது ஆறு பேர், கோரத்துக்கு ஒன்பது வேண்டும்.
சந்தா பாக்கி வாசிக்கிறேன்.
போன் அடிக்கிறது:
கொக்கலாடியில் ஒரு பெண், களையெடுக்கையில்,
புறங்காலில். ஆஸ்பத்திரியில் இருப்பு தீர்ந்துவிட்டதாம்.

ஆறு நாற்காலியும் பின்னால் நகர்ந்தன.
ஒருவர் ஃபிரிட்ஜைத் திறந்தார்.

விடியற்காலை மூன்று மணிக்கு
மாடியேறி வந்து எழுதினேன்:
கோரம் இல்லை. கூட்டம் ஒத்திவைப்பு.
தேநீர்ச் செலவு, பத்து குப்பி.